இணைப்பு விழும் இடம்: புரதமும் பாலிமரும்



மருந்து வேதியியலில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். ‘ஏதாவது ஒன்று’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மிகச் சிறிய ஒன்றை எடுத்துவந்திருக்கிறேன். ஒரு புரத மூலக்கூறு. அதோடு சேர்க்கப்பட்ட, ஆய்வகத்தில் செய்த ஒரு பாலிமர் சங்கிலி. இரண்டுக்கும் நடுவே ஒற்றைப் பிணைப்பு. அந்தப் பிணைப்புதான் இன்றைய பேச்சு. புரதத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், பாலிமரைப் பற்றியும் எழுதுகிறார்கள். இரண்டும் சேரும் இடத்தை மட்டும் பாடநூல்கள் ஓர் அம்புக்குறி போட்டுக் கடந்துவிடுகின்றன. மருந்து பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த அம்புக்குறிக்குள்தான் என்பது என் கட்சி.

1960களின் பிற்பாதியில், இன்சுலின் போன்ற சிலவற்றை விட்டால், புரதத்தை மருந்தாகக் கொடுப்பது அவ்வளவாக நம்பிக்கை தராத தொழில். வாய்வழியே கொடுத்தால் குடல் அதைச் செரித்துவிடும். ஊசியில் ஏற்றினாலோ, சிறிய புரதமாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். ஏறத்தாழ 60,000 டால்டனுக்குக் கீழே உள்ளவற்றுக்கு அந்த வடிகட்டியில் வழி உண்டு. பெரிய புரதம் தப்பித்தாலும் அதை அறுக்கும் நொதிகள் காத்திருக்கும். மாட்டிலிருந்தோ பாக்டீரியாவிலிருந்தோ எடுத்த புரதம் என்றால் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியமாக அடையாளம் கண்டுவைத்துக்கொள்ளும். முதல் ஊசி ஒன்றும் செய்யாது. அடுத்தடுத்த ஊசிகளில் ஆளையே சாய்த்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிராங்க் டேவிஸ் என்ற உயிர்வேதியியலாளர் இந்தக் கடைசித் தொல்லையைத்தான் யோசித்தார். மாட்டின் நொதியைத் தண்ணீரை நேசிக்கும் ஏதோ ஒரு பாலிமரால் சூழ்ந்துவிட்டால், எதிர்ப்பாற்றல் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் போகுமா? இதுதான் கேள்வி. அவர் தேர்ந்துகொண்டது பாலிஎத்திலீன் கிளைக்கால். இனி சுருக்கமாக, ஆய்வகங்களில் சொல்வதுபோல, பெக் என்றே சொல்கிறேன்.

பெக் ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. முகப்பூச்சுக் களிம்பில் இருக்கிறது, மாத்திரையின் மேற்பூச்சில் இருக்கிறது. கொலனோஸ்கோபிக்கு முன்னால் லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்கிறார்களே, அந்தக் கரைசல்களில் பலவற்றிலும் இதுதான். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் என்று திரும்பத் திரும்ப வரும் சாதுவான சங்கிலி. ஒவ்வோர் அலகும் இரண்டு மூன்று நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் 20,000 டால்டன் எடையுள்ள பெக் சங்கிலி கரைசலில் அடைத்துக்கொள்ளும் இடம், அதே எடையுள்ள புரதம் அடைக்கும் இடத்தைவிடப் பல மடங்கு பெரியது. சிறுநீரகம் எடையைப் பார்ப்பதில்லை, உருவத்தைப் பார்க்கிறது.

சங்கிலிக்கு இரண்டு முனைகள். இரண்டிலும் ஹைட்ராக்சில் தொகுதி. இரண்டையும் வினைக்கு ஆயத்தப்படுத்தினால், ஒரு முனை ஒரு புரதத்தையும் மறுமுனை இன்னொரு புரதத்தையும் பிடித்து, குடுவையில் கூழ்தான் மிஞ்சும். எனவே ஒரு முனையை மெத்தில் தொகுதியால் அடைத்துவிட வேண்டும். மெத்தாக்ஸி பெக் என்ற இந்த ஒருமுனைச் சங்கிலி இல்லாமல் நாம் இன்று பேசும் மருந்துகளில் பாதிக்கு மேல் இல்லை.

அடுத்தது, திறந்திருக்கும் முனையைப் புரதத்தோடு சேர்ப்பது எப்படி. டேவிஸ் குழுவினர் எடுத்தது சயனூரிக் குளோரைடு. ஆறு அணு வளையத்தில் மூன்று குளோரின்கள்; மூன்றும் ஒரே வேகத்தில் விலகாது. முதலாவது எளிதில் போகும், இரண்டாவது சற்றே முரண்டும், மூன்றாவது பிடிவாதம் பிடிக்கும். முதல் குளோரின் இருந்த இடத்தில் பெக், இரண்டாவது இடத்தில் புரதம். இந்த உத்தி சாயத் தொழிலில் ஏற்கெனவே இருந்ததுதான். பருத்தி இழையோடு சாயத்தை நேரடியாகப் பிணைக்கும் வினைச்சாயங்களை 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதே வளையத்தை வைத்துத்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. திருப்பூரில் துவைத்தாலும் போகாத பனியன் சாயத்துக்கும், குழந்தையின் உயிர் காக்கும் ஊசிமருந்துக்கும் பிணைப்பின் வேதியியல் ஒரே குடும்பம். நம் ஊரில் இரண்டையும் வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு கட்டடங்களில் சொல்லித்தருகிறோம்.

1977இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஏபுசவுஸ்கி முதல் ஆசிரியர், டேவிஸ் வழிகாட்டி. மாட்டின் ரத்த ஆல்புமினுக்கு பெக் சேர்த்து முயல்களுக்கு ஏற்றினார்கள். வழக்கமாக எழும் எதிர்ப்பு எழவில்லை. மாட்டுக் கல்லீரலின் கேட்டலேஸ் நொதிக்கு பெக் சேர்த்து எலிகளுக்கு ஏற்றினார்கள்; ரத்தத்தில் அது தங்கிய நேரம் நீண்டது. நொதி தன் வேலையையும் விடவில்லை.

இந்த வெற்றிக்குள் ஒரு சங்கடம் இருந்தது. புரதத்தின் மேற்பரப்பில் பெக் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. லைசின் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் அமின் தொகுதி உண்டு. பெரும்பாலான இணைப்பு வினைகள் அதைத்தான் தேடிப் போகும். ஆனால் ஒரு புரதத்தில் பத்து, இருபது, முப்பது லைசின் இருக்கும், எல்லாம் பெரும்பாலும் வெளிப்பரப்பில். ஒரு மூலக்கூறில் மூன்று சங்கிலி, இன்னொன்றில் ஏழு. ஒன்றில் நொதியின் வாயிலேயே சங்கிலி, இன்னொன்றில் முதுகுப் பக்கம். குப்பிக்குள் இருப்பது ஒரு மருந்து அல்ல, ஒரு கூட்டம். சயனூரிக் குளோரைடு போய், அதைவிடச் சாந்தமான என்.எச்.எஸ். எஸ்டர்கள் வந்தபோதும் இந்தக் கூட்டம் கலையவில்லை.

அந்தக் கூட்டத்தோடுதான் முதல் மருந்து வந்தது. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு எதிர்ப்பாற்றல் அறவே வளராது; சாதாரணத் தொற்றே உயிரை எடுத்துவிடும். மாட்டுக் குடலிலிருந்து எடுத்த அந்த நொதிக்கு பெக் சேர்த்து, டியூக் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹெர்ஷ்ஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளுக்கு ஏற்றிய முடிவுகள் 1987இல் வெளியாயின. 1990இல் ‘அடாஜென்’ என்ற பெயரில் அமெரிக்க ஒப்புதல். அதே ஆண்டு செப்டம்பரில், அதே நோய்க்குத்தான், ஒப்புதல் பெற்ற முதல் மரபணு சிகிச்சைச் சோதனை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தொடங்கியது. மரபணு சிகிச்சையின் வரலாற்றை எல்லோரும் அந்தச் சோதனையில் முதலில் சிகிச்சை பெற்ற சிறுமியிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள். அவளுக்கு பெக் சேர்த்த நொதி ஊசியும் தொடர்ந்து போடப்பட்டுவந்தது என்பதை அடிக்குறிப்பில் போட்டுவிடுகிறார்கள். எந்தச் சிகிச்சை எவ்வளவு காப்பாற்றியது என்று பிரிப்பதில் அதனால்தான் சிக்கல் வந்தது.

இதற்கெல்லாம் முன்பே ஜப்பானில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. குமாமோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மயேதா, நியோகார்சினோஸ்டாட்டின் என்ற 12,000 டால்டன் அளவிலான சிறிய புற்றுநோய் எதிர்ப்புப் புரதத்தோடு, ஸ்டைரீனும் மாலியிக் அமிலமும் சேர்ந்த பாலிமரைப் பிணைத்தார். இந்தப் புரதத்தில் வினைக்குக் கிடைக்கும் அமின் தொகுதிகள் இரண்டே இரண்டு: தலை முனையில் ஒன்று, இருபதாம் இடத்து லைசினில் ஒன்று. ஆகவே இரண்டு சங்கிலிகள்தான் ஏறும், எங்கே ஏறும் என்பதும் முன்கூட்டியே தெரியும். இயற்கை கொடுத்த அதிர்ஷ்டம். பாலிமர் ஏறியதும் புரதத்தின் குணமே மாறியது. லிப்பியோடால் என்ற அயோடின் ஏற்றிய எண்ணெயில் அதைக் கரைய வைக்க முடிந்தது. அந்த எண்ணெயைக் கல்லீரல் தமனி வழியே செலுத்தினால் கட்டியில் போய்த் தங்கும். அயோடின் இருப்பதால் எக்ஸ்ரே படத்திலும் தெரியும். 1993இல் ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் கிடைத்தது. பெரிய மூலக்கூறுகள் கட்டியில் கசிந்து தேங்குகின்றன என்று 1986இல் மட்சுமுராவும் மயேதாவும் எழுதிய கட்டுரை, இந்த மருந்தைத் தொடர்ந்து போனதில் பிறந்தது. நானோ மருந்துக்காரர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டாமல் ஒரு பக்கம் எழுதமாட்டார்கள். அதன் மூலத்தில் இருந்தது ஒரு பாலிமர் சேர்த்த புரதம் என்பது பலருக்கு நினைவில்லை.

இப்போது இணைப்பின் உறுதிக்கு வருகிறேன். இதற்கு அஸ்பாரஜினேஸைவிட நல்ல பாடம் கிடையாது. 1953இல் ஜான் கிட் என்பவர் கினிப் பன்றியின் ரத்த நீர் எலிகளின் லிம்போமாக் கட்டிகளைக் கரைப்பதைக் கண்டார். அதற்குக் காரணம் அஸ்பாரஜினேஸ் நொதி என்று 1961இல் ஜான் புரூம் காட்டினார். லுக்கீமியா அணுக்களுக்கு அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவில் தாமே செய்துகொள்ளத் தெரியாது. ரத்தத்தில் உள்ளதை நொதி தின்றுவிட்டால் அவை பட்டினி கிடந்து சாகும். குழந்தைகளின் லுக்கீமியா சிகிச்சையில் இன்றும் இது தூண். ஆனால் நொதி வருவது ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து. வாரத்தில் பல ஊசி; ஒவ்வோர் ஊசியிலும் ஒவ்வாமைப் பயம். பெக் சேர்த்த வடிவம் 1994இல் ‘ஓன்காஸ்பார்’ என்று வந்தது. முதலில் ஒவ்வாமை வந்த குழந்தைகளுக்கு மட்டும். 2006இல்தான் அமெரிக்காவில் முதல் நிலைச் சிகிச்சைக்கே அனுமதி. இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி போதும். வாரம் மூன்று முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோருக்கு இது வேதியியல் அல்ல, வாழ்க்கை.

ஆனால் அந்த பெக்கையும் நொதியையும் சேர்த்த இடையிணைப்பில் ஓர் எஸ்டர் பிணைப்பு இருந்தது. சக்சினிமிடில் சக்சினேட் என்ற வினைப்பொருளின் சொத்து அது. எஸ்டர் தண்ணீரில் மெல்லச் சிதையும். ஊசிமருந்து என்பதோ தண்ணீர்தான். குளிர்பெட்டியில் வைத்தாலும் குப்பிக்குள்ளேயே சங்கிலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. திரவ ஓன்காஸ்பாரின் ஆயுள் எட்டு மாதம்தான். அதே நொதி, அதே 5,000 டால்டன் பெக். எஸ்டரை எடுத்துவிட்டுத் தண்ணீருக்கு அசையாத கார்பமேட் பிணைப்பை வைத்தார்கள். 2018இல் அது கலாஸ்பார்கேஸ் என்ற தனி மருந்தாக அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இருப்பு ஆயுள் மூன்று ஆண்டு. ஊசி இடைவெளி மூன்று வாரம். ஒரு சில அணுக்களின் மாற்றம், ஒரு புதிய மருந்து. அரிய மருந்தைக் காலாவதியாக்கித் தூக்கியெறிய நேரும் மருத்துவமனை மருந்தகங்களுக்கு இதன் அருமை தெரியும்.

எஸ்டர் பலவீனம், கார்பமேட் பலம், எனவே எப்போதும் பலமானதே நல்லது என்று மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். இண்டர்ஃபெரான் கதை அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெப்படைடிஸ் சி நோய்க்கு இண்டர்ஃபெரானை வாரம் மூன்று முறை போட்டுக்கொண்டிருந்தார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாக பெக் சேர்த்தன. ஷெரிங்-பிளவ் சேர்த்தது 12,000 டால்டன் நேர்ச்சங்கிலி; அதன் வினைச் சூழலில் சங்கிலிகளில் பெரும்பங்கு லைசினுக்குப் போகாமல், 34ஆம் இடத்து ஹிஸ்டிடினில் போய் உட்கார்ந்தது. ஹிஸ்டிடின் பிணைப்பு உறுதியற்றது. உடலுக்குள் மெல்லக் கழன்று இண்டர்ஃபெரானை விடுவிக்கும். ரோஷ் சேர்த்தது 40,000 டால்டன் கிளைச்சங்கிலி. லைசினில் உறுதியான அமைடு பிணைப்பு, கழலவே கழலாது.

ஆய்வகத் தட்டில் அளந்தபோது முதலாவது, மூல இண்டர்ஃபெரானின் ஆற்றலில் சுமார் 28 சதவீதத்தை வைத்திருந்தது. இரண்டாவது சுமார் 7 சதவீதம். இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் இரண்டாவது மருந்து குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். போகவில்லை. ஆற்றலில் பதினான்கில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் அந்த மிச்சம் ஒரு வாரம் முழுக்க ரத்தத்தில் நிற்கிறது. இரண்டு மருந்துகளும் வாரம் ஓர் ஊசியாக, பழைய இண்டர்ஃபெரானைவிட நன்றாகவே வேலை செய்தன. புரதத்தின் ஆற்றலைக் கெடுத்தே மருந்தை மேம்படுத்தலாம் என்பது அந்தக் காலத்து மருந்தியலுக்கு ஜீரணிக்கக் கடினமான செய்தி. பிறகு 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்ததும் ஹெப்படைடிஸ் சி சிகிச்சையே மாறி, இரண்டு ஊசிகளும் அந்த நோயிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கின. அறிவியலில் இது அவமானம் இல்லை.

கூட்டத்தைக் கலைத்து, ஒரே இடத்தில் ஒரே சங்கிலி என்ற நிலைக்கு முதலில் வெற்றிகரமாகக் கொண்டுபோன மருந்து என்று நான் கருதுவது பெக்ஃபில்கிராஸ்டிம். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வெள்ளையணு குறையாமல் காக்கும் ஊசி. இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலரின் வீட்டுக் குளிர்பெட்டியிலும் அது இருந்திருக்கலாம். இதில் நடந்த வேதியியல் தந்திரம் மிக எளியது. புரதத்தின் லைசின் அமின்களும் தலை முனை அமினும் ஒரே மாதிரித் தோன்றினாலும், புரோட்டானைப் பிடித்துவைப்பதில் வேறுபட்டவை. லைசின் அமினின் பி.கே.ஏ. பத்துக்கு மேல்; தலை முனை அமினுக்கு எட்டுக்கு அருகில். கரைசலின் பி.எச்.சை ஐந்துக்குக் கொண்டுபோனால் லைசின்கள் அநேகமாக அத்தனையும் புரோட்டானை ஏற்று, வினைக்குத் தயாரில்லாமல் இருக்கும். தலை முனையில் மட்டும் கொஞ்சம் வினைபுரிய முன்வரும். அப்போது ஆல்டிஹைடு முனையுள்ள பெக்கையும் சோடியம் சயனோபோரோஹைட்ரைடையும் சேர்த்தால், சங்கிலி தலை முனைக்கே போகும். புது நொதி இல்லை, மரபணு வித்தை இல்லை, பி.எச். மீட்டரைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

புரதம் 18,800 டால்டன். சேர்த்த சங்கிலி 20,000. எடையில் பாதிக்கு மேல் பாலிமர். பலன் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்தும் வந்தது. சாதாரண ஃபில்கிராஸ்டிமைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும், எனவே நாள்தோறும் ஊசி. பெக் அந்த வழியை அடைத்ததும் மருந்து வெளியேற ஒரே வழிதான் மிஞ்சியது: வெள்ளையணுக்களே தங்கள் ஏற்பிகள் வழியாக அதை உள்ளிழுத்து அழிப்பது. வெள்ளையணு குறைவாக இருக்கும்வரை மருந்து ரத்தத்தில் நிற்கிறது. மருந்து வேலை செய்து அணுக்கள் பெருகியதும் அவையே அதைத் தின்று தீர்க்கின்றன. தேவை முடிந்ததும் தானே விலகிக்கொள்ளும் மருந்து! ஒரு கீமோ சுற்றுக்கு ஓர் ஊசி. அமெரிக்க ஒப்புதல் 2002இல். காப்புரிமைக் காலம் முடிந்தபின் அந்த நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் ஒத்த மருந்து, 2018இல், பெங்களூரு பயோகானும் மைலானும் சேர்ந்து கொண்டுவந்தது. நம் பக்கத்து ஊரில் தொழிற்சாலை அளவில் இந்த வினை நடக்கிறது, நம் எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஆல்டிஹைடு, அமின், ஒடுக்கம் என்று மூன்றும் மூன்று தாள்களில் கிடக்கின்றன.

சிஸ்டீனின் கந்தகம் இன்னொரு வழி. புரதங்களில் தனித்து நிற்கும் சிஸ்டீன் அரிது. ஆகவே வேண்டிய இடத்தில் ஒன்றை மரபணு வழியே வைத்துவிட்டால் அது நம் சொந்த முகவரி. மாலியிமைடு முனையுள்ள பெக், நடுநிலைக்கு அருகிலான பி.எச்.சில், சில நிமிடங்களில் அந்தக் கந்தகத்தைக் கண்டுபிடித்துவிடும். மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் தரும் செர்டோலிசுமாப் பெகால் இந்த வகை. ஆன்டிபாடியின் முழு உடலும் இல்லாமல் பிடிக்கும் கையை மட்டும் ஈ.கோலையில் செய்து, மணிக்கட்டுப் பக்கத்துச் சிஸ்டீனில் 40,000 டால்டன் பெக் ஏற்றியிருக்கிறார்கள். ஆன்டிபாடியை நஞ்சுக்கொடிக்கு அந்தப்பக்கம் கடத்திச் செல்வது அதன் அடித்தண்டு. இதில் அது இல்லாததால் மருந்து சிசுவுக்கு மிகக் குறைவாகவே போகிறது. கர்ப்பிணிகளுக்கு இது பெரிய விஷயம். இந்தப் பிணைப்புக்கும் ஒரு குறை உண்டு. சேர்ந்த வினையே பின்னோக்கியும் நடக்கும். ரத்தத்தில் ஆல்புமினின் 34ஆம் சிஸ்டீன் காத்துக்கொண்டிருக்கிறது, கழன்றுவரும் மாலியிமைடை அது கவ்விக்கொள்ளும். சேர்ந்தபின் அந்த வளையத்தைத் தண்ணீர் சேர்த்துத் திறந்துவிட்டால் பின்வினை நின்றுவிடும் என்பது தெரிந்ததும், திறக்கும்படியே வடிவமைக்கத் தொடங்கினார்கள்.

நொதிகளைக் கொண்டு ஒட்டுவது, இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தைப் புரதத்துக்குள் நுழைத்து அங்கே ‘கிளிக்’ வினையால் சேர்ப்பது, புரதத்தின் சர்க்கரைக் கிளையில் சேர்ப்பது என்று இன்று வழிகள் பல. 2022 நோபல் பரிசு கிளிக் வேதியியலுக்குப் போனதிலிருந்து நீங்கள் பத்திரிகைகளில் நிறைய படித்திருப்பீர்கள். நான் அதில் நேரம் செலவிடவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் செய்துமுடித்த சங்கிலியைக் கொண்டுவந்து சேர்ப்பது. பெரிய சங்கிலி, பெரிய புரதம். இரண்டின் முனைகளும் கரைசலில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். சங்கிலி நீள நீள வினை மந்தமாகும், பெக்கை மிகுதியாகப் போட வேண்டிவரும், மிஞ்சியதைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வேறிடத்தில் வளர்ந்த கொடியைப் பிடுங்கிவந்து பந்தலில் கட்டுவதற்குப் பதில், பந்தல்காலிலேயே விதை ஊன்றினால் என்ன? புரதத்தின் மேல் வினைதொடங்கி ஒன்றை மட்டும் பிணைத்து, அங்கிருந்து பாலிமரை வளர்க்கும் முறை இதுதான். இது சாத்தியமாக, புரதம் தாங்கும் சூழலில், தண்ணீரில், அறை வெப்பத்தில், கட்டுப்பாட்டோடு சங்கிலி வளர வேண்டும். 1995இல் அமெரிக்காவில் கார்னகி மெலனின் மத்யாஷெவ்ஸ்கியும் ஜப்பானில் சவமோட்டோவும் தனித்தனியே வெளியிட்ட அணுமாற்ற முறையும், 1998இல் ஆஸ்திரேலிய சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தார் அறிவித்த ராஃப்ட் முறையும் அந்தக் கதவைத் திறந்தன.

லாஸ் ஏஞ்சலிஸில் ஹெதர் மேனார்டின் குழு 2005இல் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தின் மேல் பாலிமரை வளர்த்துக் காட்டியது. டியூக்கில் அசுதோஷ் சில்கோட்டியின் குழு 2009இல் மயோகுளோபினின் தலை முனையில் ஒரே இடத்தில் மட்டும் வினைதொடங்கியை வைத்து வளர்த்தது. அவர்கள் வளர்த்தது நேர்ச்சங்கிலி பெக் அல்ல. முதுகெலும்பிலிருந்து குட்டையான பெக் துண்டுகள் தொங்கும் தூரிகை வடிவம். பிரித்தெடுப்பது எளிது, ஏனென்றால் மிஞ்சுவது சிறு மூலக்கூறுகள். டயாலிசிஸ் பையில் போட்டால் போய்விடும். மற்றபடி தொல்லை இல்லாமல் இல்லை. அணுமாற்ற முறைக்குச் செம்பு வேண்டும். செம்புக்குப் புரதங்களின் மேல் தீராத மோகம். ஆக்சிஜன் பட்டால் வினை நிற்கும். இந்த இரண்டையும் சமாளிக்கவே கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட கட்டுரைகள் ஒரு நூலகத்துக்கு வரும். மருந்துக்கடை அலமாரிக்கு இந்த வழி வந்தவற்றை இன்னும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

குட்டையான பெக் துண்டுகள் என்றேன் அல்லவா, அது வெறும் அழகுக்காகச் செய்ததல்ல. பெக்கை எதிர்ப்பாற்றல் கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தத் துறையே எழுந்தது. அந்த நம்பிக்கையில் விரிசல் இருப்பதை 1980களின் தொடக்கத்திலேயே ஸ்வீடனில் ரிக்டரும் ஓகர்புளோமும் எழுதிவிட்டார்கள்: பெக்குக்கு எதிரான ஆன்டிபாடிகள் உண்டாகின்றன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2010இல் பெக்லோட்டிகேஸ் வந்தபோது எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது. மனிதர்களுக்கு யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் நொதி பரிணாமத்தில் தொலைந்துபோன ஒன்று. மற்ற மருந்துகள் பலிக்காத கடும் கௌட் நோயாளிகளுக்குப் பாலூட்டிகளின் யூரிகேஸை பெக் சேர்த்துக் கொடுத்தார்கள். சோதனைகளில் 42 சதவீதம் பேருக்கே பலன் நிலைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோரின் உடல் ஆன்டிபாடி செய்தது. எதற்கு எதிராக என்று பார்த்தால், பெரும்பாலும் அந்நிய நொதிக்கு எதிராக அல்ல, பெக்குக்கு எதிராக. மறைக்க வந்தவனே காட்டிக்கொடுத்த கதை. பிறகு எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்ததும் பலன் 70 சதவீதத்தை எட்டியது. 2022இல் அந்தச் சேர்க்கைக்கும் ஒப்புதல் கிடைத்தது. பெரிய நொதியில் நிறையச் சங்கிலிகளை நெருக்கமாக ஏற்றினால் எதிர்ப்பாற்றலின் கண்ணில் அது ஒழுங்காக அடுக்கிய முகங்களாகத் தெரிகிறது என்பது ஒரு விளக்கம். ஒற்றைச் சங்கிலி ஏற்றிய பெக்ஃபில்கிராஸ்டிம் இத்தனை கோடி ஊசிகளுக்குப் பிறகும் அந்த அளவுக்குத் தொல்லை தராததை நான் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

சில்கோட்டி குழுவின் தூரிகை பாலிமரில் பக்கத் துண்டுகளைப் போதிய அளவு குட்டையாக்கினால், ஏற்கெனவே உள்ள பெக் ஆன்டிபாடிகள் அதை அடையாளம் காண்பதில்லை. நேர், எதிர் மின்னேற்றங்களை ஒரே அலகில் வைத்திருக்கும் பாலிமர்கள், பாலிசார்கோசின் என்று வேறு மாற்றுகளும் வரிசையில் நிற்கின்றன.

பெப்டைடுகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. முப்பது, நாற்பது அமினோ அமிலம் கொண்ட பெப்டைடில் 40,000 டால்டன் சங்கிலியை ஏற்றினால், எஞ்சுவது பாலிமருக்கு ஒட்டிய ஒரு துளி மருந்து. இலக்கைத் தொட வேண்டிய முகமே மூடிப்போகும் ஆபத்து அதிகம். அதனால் பெப்டைடை இரட்டையாக்கிச் சேர்ப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2012 மார்ச்சில் வந்த பெகினெசடைடு அப்படிப்பட்டது. எரித்ரோபொயெட்டினின் வேலையைச் செய்யும், ஆனால் அதன் அமினோ அமில வரிசையோடு ஒற்றுமையே இல்லாத பெப்டைடு. 2013 பிப்ரவரியில், முதல் ஊசியிலேயே சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் மரணமும் நேர்ந்ததால், அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பெக்தான் குற்றவாளி என்று அடித்துச் சொல்ல இடமில்லை. குப்பியில் சேர்த்த பதங்காப்புப் பொருள்மீதும் பின்னால் சந்தேகம் எழுந்தது. மாறாக, 2021இல் வந்த பெக்செட்டகோபிளான் ஒரு 40,000 டால்டன் சங்கிலியின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வளையப் பெப்டைடைக் கட்டியிருக்கிறது. டேவிஸ் காலத்தில் அடைத்துவைத்த அந்த இரண்டாவது முனை இங்கே வேண்டுமென்றே திறக்கப்பட்டிருக்கிறது.

பெப்டைடு உலகில் பாலிமரை முந்திக்கொண்டு போன ஒரு வழியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் செமாகுளூடைடு, பாலிமர் எதையும் சுமக்கவில்லை. ஒரு லைசினில் பதினெட்டுக் கார்பன் கொழுப்பு அமிலம் மட்டும். அது ரத்தத்தில் உள்ள ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் சவாரி செய்கிறது. பெரிய உருவம் வேண்டும் என்றால் நாமே ஏன் செய்து சுமக்க வேண்டும், உடலில் இருப்பதையே கடன் வாங்கலாமே என்ற யோசனை. கொழுப்பு அமிலத்துக்கும் பெப்டைடுக்கும் நடுவே உள்ள இணைப்பில் இரண்டு சிறு எத்திலீன் கிளைக்கால் துண்டுகள் இருக்கின்றன என்பதை பெக் அபிமானிகள் ஆறுதலாகக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் ஊசி என்பது பல ஆண்டுத் தண்டனை. உறுதியாக பெக் சேர்த்தால் ஹார்மோன் எலும்பு முனைக் குருத்தெலும்புக்குள் போதுமான அளவு நுழையாது என்ற கவலை. 2021 ஆகஸ்டில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற லோனாபெக்சோமட்ரோபினில் இணைப்பு, கழல்வதற்காகவே கட்டப்பட்டது. ரத்தத்தின் பி.எச்.சிலும் வெப்பத்திலும் அது தானாகச் சிதைந்து, மாற்றமில்லாத ஹார்மோனை ஒரு வாரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுவிக்கிறது. நொதி வேண்டாம், எனவே ஆளுக்கு ஆள் வேகம் பெரிதாக மாறாது. ஓன்காஸ்பாரில் குப்பிக்குள் நடந்து தொல்லை கொடுத்த அதே கழல்தல், இங்கே கடிகாரம் வைத்தாற்போல் உடலுக்குள் நடக்கிறது.

ஹார்மோன் கழன்ற பின் 40,000 டால்டன் பெக் மிஞ்சுகிறது. உடலிடம் அதை அறுக்கும் நொதி கிடையாது. மெல்ல மெல்லச் சிறுநீரிலும் பித்தத்திலும்தான் போக வேண்டும். பெரிய பெக் சங்கிலிகளை மிக அதிக அளவில் ஏற்றிய விலங்குகளின் சில திசு அணுக்களுக்குள் குமிழ்கள் தேங்குவதைப் பார்த்து, ஐரோப்பிய மருந்து முகமை 2012இல் குழந்தைகளுக்கு நெடுநாள் தரும் பெக் மருந்துகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. மருந்து அளவில் அதனால் தீங்கு உண்டா என்பதற்கு, ஐந்து வயதில் ஊசி தொடங்கிய குழந்தை வளர்ந்து முடியும் வரையிலான கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில், முதுகெலும்பிலேயே சிதையக்கூடிய பிணைப்புகளை இடையிடையே வைத்து வளர்த்த சங்கிலிகளைச் சில ஆய்வகங்கள் புரதங்களில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாலிமர் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.